உடனிருந்தவர்

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்’ (1954) பற்றி நம் வட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் பூச்சாடியும், மூங்கில் நாற்காலியின் கால்களும், கால்சட்டையின் மடிப்புகளும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அறையில் இன்னொருவர் இருந்தார் என்பது பேசுகிறவர்களின் நினைவில் தங்குவதில்லை. 1953 மே மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸில், 0.4 கிராம் மெஸ்கலினைக் கொடுத்துவிட்டு உடனிருந்து கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கிலேய மனநோய் மருத்துவர். ஹக்ஸ்லியின் மனைவி மரியாவும் இருந்தார். பேச்சைப் பதிவு செய்ய ஓர் இயந்திரமும் இருந்தது. ஹக்ஸ்லியைப் பைத்தியமாக்கியவன் என்ற பெயர் தனக்கு வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டதாக ஆஸ்மண்ட் பின்னாளில் சொன்னார். இத்தனை ஏற்பாடும் கவலையும் சூழ நடந்த ஒன்றைத் தனிமனித தரிசனமாக நாம் வாசித்தது ஹக்ஸ்லியின் பிழையல்ல; அவர் எதையும் மறைக்கவில்லை. வாசித்த நமக்குத்தான் தரிசனத்தின் நடுவே உடனிருப்பவர் ஓர் இடைஞ்சலாகப் பட்டிருக்கிறார். இலக்கியவாதிகளுக்கு இது பழைய வியாதி.

ஆஸ்மண்ட் 1951ல் கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்துக்கு வந்தவர். வெய்பர்ன் என்ற சிற்றூரில் இருந்த பிரம்மாண்டமான மனநோய் மருத்துவமனையில் அவருக்கு வேலை. ஏப்ரம் ஹாஃபர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1953ல் குடிநோயாளிகள் இருவருக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார். அதற்கு அவர்கள் வைத்திருந்த காரணம் இன்று வேடிக்கையாகத் தோன்றும். முற்றிய குடிநோயாளி குடியை நிறுத்தியதும் வருகிற ஜன்னியில் பயங்கரங்கள் தெரியும். அவற்றைக் கண்டு மிரண்டு சிலர் குடியை அடியோடு விட்டுவிடுவதுண்டு. ஆனால் அந்த ஜன்னி உயிரையே கொண்டுபோகக்கூடியது. ஆபத்தில்லாத ஜன்னியொன்றை மருந்தால் உண்டாக்கினால் என்ன? அச்சமூட்டித் திருத்துவது என்ற, நம்மூர் வாத்தியார்களின் திட்டம். ஒருவர் உடனே குடியை விட்டார், மற்றவர் ஆறு மாதம் கழித்து. தொடர்ந்து வந்த நோயாளிகளோ அச்சத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. தம்மையே வெளியிலிருந்து பார்த்ததாகவும், தம் வாழ்க்கை தமக்கே விளங்கியதாகவும் சொன்னார்கள். மருத்துவர்கள் தங்கள் கொள்கையைத் தூக்கிப் போட்டார்கள். இது சாதாரண காரியமல்ல. அதுவரை இம்மருந்துகளுக்கு வழங்கிய பெயர் பைத்தியத்தைப் போலி செய்பவை என்ற பொருளது. 1956ல் ஹக்ஸ்லியுடன் நடந்த கடிதப் போக்குவரத்தில் ஆஸ்மண்ட் உண்டாக்கிய ‘சைகடெலிக்’ என்ற சொல்லுக்கு மனத்தைப் புலப்படுத்துவது என்று பொருள். அந்தச் சொல் ஒரு கொள்கையின் தோல்வியிலிருந்து பிறந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அச்சமூட்டுவது நோக்கமில்லை என்றானதும் அறை மாறியது. இதில் பெரும்பங்கு ஆல் ஹப்பர்டுக்கு. மருத்துவம் படிக்காதவர், வான்கூவரில் யுரேனியக் கம்பெனி நடத்தியவர், பாதி சாகசக்காரரும் பாதி பக்தருமான விசித்திரப் பிறவி. வெறும் மருத்துவமனை அறையாக இருந்த இடத்துக்கு இசைத்தட்டும் பூக்களும் ஓவியங்களும் வந்தன. மருந்துக்கு முன்னதாக நோயாளி தன் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டும். டங்கன் ப்ளூவெட்டும் நிக்கலஸ் ஷ்வெலோஸும் 1959ல் ஒரு கைநூல் தயாரித்தார்கள். அச்சேறாமல் தட்டச்சுப் பிரதியாகவே கைமாறிய நூல். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அதன் மீது பாசம் வர இதுவே போதும். மருந்து கொடுப்பவர் முதலில் தானே அதை உட்கொண்டு பார்த்திருக்க வேண்டும் என்பது அவர்களது வற்புறுத்தல். எதிரே ஒருவன் கலங்கும்போது தானும் சேர்ந்து கலங்காமலிருக்க வேறு வழியில்லை. பிறகு, அனுபவம் ஆறிப்போவதற்குள் நோயாளி அதை எழுதிவைக்க வேண்டும். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களுக்குப் போய்வர வேண்டும். இந்தப் பின்பகுதிக்கு இன்று ‘ஒருங்கிணைப்பு’ என்று சாஸ்திரப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அன்று அது ஒரு மாலைக் கூட்டம், சில நாற்காலிகள், தன்னைப் போன்ற நாலு பேர்.

டொரொன்டோவின் போதையடிமை ஆராய்ச்சி நிறுவனத்தார் இதை நம்பவில்லை. நம்பாததற்கு நியாயமிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து பெறாத குழு எதுவும் சஸ்காட்சவான்காரர்களிடம் இல்லை. குணம் மருந்தால் வந்ததா, இத்தனை பேர் அக்கறையோடு கவனித்ததால் வந்ததா? பேரேடு எழுதிப் பிழைப்பவன் நான். எதிர்ப்பதிவு இல்லாத தொகையைக் கண்டால் எனக்கும் கை அரிக்கும். 1966ல் டொரொன்டோக்காரர்கள் வெளியிட்ட ஆய்வில் 30 நோயாளிகள். பத்துப் பேருக்கு 800 மைக்ரோகிராம் எல்.எஸ்.டி., பத்துப் பேருக்கு எஃபெட்ரின், பத்துப் பேருக்கு இரண்டுமில்லை. மருந்தின் பலனை மட்டும் தனியே பிரித்தெடுக்க வேண்டுமல்லவா? சஸ்காட்சவானின் அறை அங்கே இல்லை. நோயாளி கட்டிலோடு வார்கொண்டு பிணைக்கப்பட்டார். மூன்று குழுக்களுக்குமிடையே வித்தியாசம் தென்படவில்லை.

விமர்சனம் எழுதுபவனுக்கு இது பழகிய சிக்கல். ஒரு கவிதையிலிருந்து குரலையும் சந்தர்ப்பத்தையும் வாசகனையும் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் சொற்களின் வீரியத்தை அளக்க முடியுமா? முடியும். அளந்து கிடைக்கும் விடை பொய்யுமல்ல. ஆனால் சஸ்காட்சவான் கேட்ட கேள்வி வேறு. 2012ல் நார்வேயில் ஆய்வாளர்கள் இருவர் 1966க்கும் 1970க்கும் இடையில் வெளியான ஆறு ஆய்வுகளை, டொரொன்டோவினுடையது உட்பட, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மொத்தம் 536 பேர். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 சதம், மற்றவர்களில் 38 சதம் தேறியிருந்தார்கள். ஓராண்டாகும்போது அந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது. முதல் இரண்டு எண்களைவிட இந்தக் கரைதல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே ஒரு தடவை கொடுத்த மருந்து. அதற்குப் பின் அவர்கள் எந்த வீட்டுக்கு, எந்தத் தெருவுக்குத் திரும்பினார்கள்? அங்கே அவர்களிடம் யார் பேசினார்கள்?

உடனிருப்பதைப் புனிதப்படுத்திவிடவும் எனக்கு விருப்பமில்லை. அதே கனடாவில், அதே ஆண்டுகளில், மான்ட்ரியாலின் ஆலன் மெமோரியல் நிலையத்தில் ஈவன் கேமரன் என்ற மருத்துவரும் தம் நோயாளிகளின் அருகில்தான் இருந்தார். உறக்க மருந்து, மின்னதிர்ச்சி, எல்.எஸ்.டி.; ஒலிநாடாவில் ஒரே வாசகம் நாட்கணக்கில் திரும்பத் திரும்ப. 1957 முதல் சில ஆண்டுகள் சி.ஐ.ஏ.வின் பணம் மறைமுகமாக வந்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட கனடியர்கள் தொடுத்த வழக்கில் சி.ஐ.ஏ. 1988ல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கேமரன் ஏதோ மூலையில் கிடந்த கிறுக்கரல்ல; 1961ல் உலக மனநோய் மருத்துவச் சங்கத்துக்கு முதல் தலைவரானவர். சமீப காலத்திலும், 2015ல் வான்கூவரில் நடந்த எம்.டி.எம்.ஏ. பரிசோதனையொன்றில், பங்கேற்ற பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் எல்லை மீறி நடந்தது ஒளிப்பதிவாகவே வெளியே வந்தது. மனம் கதவற்றுக் கிடக்கும் நேரத்தில் அருகிலிருப்பவருக்குக் கிடைக்கும் அதிகாரம் சின்னதல்ல.

கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன், கவிதை எழுதியவன், எங்கிருந்தோ கிடைத்த ஒரு துண்டுக் காகிதத்தை நாக்கில் வைத்துக்கொண்ட இரவு எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் ஆறேழு பேர் இருந்தோம். சிரித்துக்கொண்டிருந்தோம். விடியும்போது அவன் சுவரோரமாக உட்கார்ந்து தன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளோ அதற்குப் பிறகோ, என்னடா கண்டாய் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவன் எழுதுவதை நிறுத்திக்கொண்டான். இதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆறேழு பேர் இருந்தும் உடனிருந்தவர் எவருமில்லை என்பதற்கு நானே ஆதாரம்.

வெய்பர்ன் மருத்துவர்கள் இந்த விஷயத்தில் யாரிடம் போய் உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1956 அக்டோபரில் ஆஸ்மண்டும் ஹாஃபரும் ப்ளூவெட்டும், நார்த் பேட்டில்ஃபோர்ட் பக்கத்தில், பூர்வகுடிகளின் ‘நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்’ வழிபாடொன்றுக்குப் போனார்கள். மெஸ்கலின் அடங்கிய பெயோட்டி என்ற கள்ளியைத் தின்று இரவெல்லாம் பாடும் வழிபாடு. (நம் காதில் பேயோட்டி என்றே விழும், வெறும் தற்செயல்.) அரசாங்கம் அதைத் தடை செய்வது பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரம். மருத்துவர்கள் நேரில் பார்த்துவிட்டு வெளியே சாட்சி சொல்லட்டும் என்பது அழைத்தவர்களின் எண்ணம். ஆஸ்மண்ட் கூடாரத்தினுள் அமர்ந்து தானும் தின்றார். நடுவில் நெருப்பு, கைமாறிக்கொண்டே போகும் முரசு, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கும் பாட்டு. வழிபாட்டை நடத்த ஒருவர், நெருப்பைக் கவனிக்க ஒருவர். விடிந்ததும் தண்ணீர் சுற்றிவரும். பிறகு சோளம், பழம், இறைச்சி. அதற்குப் பிறகும் உடனே கலைந்துபோவதில்லை. சாப்பாட்டுக்காகக் கூடியிருந்து பேசுவார்கள்.

ஹாஃபரின் சகோதரி ஃபேனி கஹான் அந்த இரவைப் பற்றியும் அந்த மக்களின் வழிபாட்டு உரிமையைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். அது அச்சாகவில்லை. 2016ல்தான் சரித்திர ஆசிரியர் எரிகா டைக் அதைப் பதிப்பித்து வெளியிட்டார். அதற்குள் வெய்பர்ன் மருத்துவமனையை இடித்துவிட்டிருந்தார்கள்.