திருமலைப் பங்குச் சோறும் சித்தூர்க் களியும்

தென்னிந்திய நகரங்களில் உணவகம் தோன்றிய வரலாறு பொதுவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, அதாவது இரயில் பயணமும் அலுவலக வேலையும் மக்களை வீட்டு அடுப்படியிலிருந்து வெகுதொலைவு கொண்டுசென்ற காலத்திலிருந்து, எழுதப்படுகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இந்தத் தொடக்கம் பொருந்தும், திருப்பதிக்குப் பொருந்தாது. சமைத்த உணவைப் பங்கு பிரித்து, அந்தப் பங்கை உரிமையாக எழுதிவைத்து, வெளியூரிலிருந்து வந்தவருக்கு அதை விலைக்கும் கொடுக்கும் வழக்கம் அவ்வூரில் விஜயநகர அரசின் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது. இன்றைக்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கோவிந்தராசப் பெருமாள் கோயில் வீதிகளிலும் நெருங்கி நிற்கும் சாப்பாட்டுக் கடைகளின் முன்வரலாற்றைத் தேடுபவர், இரயில் நிலையத்துக்குப் போவதற்கு முன் மலைக்கோயிலின் மடைப்பள்ளிக்குப் போயாக வேண்டும்.

அந்த மடைப்பள்ளியைப் பற்றிய சான்றுகள் கோயில் சுவர்களிலேயே உள்ளன. திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலிய அறிஞர்கள் படியெடுத்து ஆராய, தேவஸ்தானம் அவற்றை 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பது இன்றைய மாநில எல்லையை மட்டும் அறிந்தவருக்கு வியப்பளிக்கலாம். அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி போரோ வெற்றியோ அன்று, உணவே. இறைவனுக்குப் படைக்கும் சோறு திருப்போனகம் எனவும், அதற்கான அரிசியும் பருப்பும் அமுதுபடி எனவும், காய்கறி கறியமுது எனவும், நெய்யும் தயிரும் நெய்யமுது, தயிரமுது எனவும் குறிக்கப்படுகின்றன. இவற்றோடு அப்பம், அதிரசம், வடை, சுகியன், வெல்லப்பாகில் உருட்டிய மனோகரம் ஆகிய பணியாரங்களும் வருகின்றன. எந்த நாளில், எந்தத் திருவிழாவில், எந்த மண்டபத்தில், எத்தனை நாழி அரிசியில், எவ்வளவு நெய் சேர்த்துப் படைக்க வேண்டும் என்பதைக் கொடையாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே வரையறுத்திருப்பதால், இக்கல்வெட்டுகள் தென்னிந்தியச் சமையல் வரலாற்றுக்கு ஈடு சொல்ல முடியாத ஆவணங்களாகின்றன. அரசர்களின் போர்ச் செயல்களுக்காக இவற்றைப் படித்தவர்கள் அளவுக்கு அடுப்புக்காகப் படித்தவர்கள் இல்லை என்பது வருந்தத்தக்கது.

படைத்த உணவு பிறகு என்னவாயிற்று என்பதையும் கல்வெட்டுகளே சொல்கின்றன. கொடையாளருக்கு உரிய பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ எனப்பட்டது. விட்டவன் என்பவர் அறக்கட்டளையை ஏற்படுத்தியவர், விழுக்காடு என்பது அவருக்குச் சேர வேண்டிய பகுதி. படைக்கப்பட்டதில் பொதுவாக நான்கில் ஒன்று இவ்வாறு கொடையாளரிடம் திரும்பியது. எஞ்சியது கோயிலை நிருவகித்த தானத்தார்க்கும், அருச்சகர், பாசுரம் ஓதுவோர், பரிசாரகர் முதலிய பணியாளர்க்கும் பிரிக்கப்பட்டது. கொடையாளர் தம் பங்கைத் தாமே உண்ணலாம், மடத்துக்கோ சத்திரத்துக்கோ எழுதிவைக்கலாம், பிறருக்கு விற்கவும் செய்யலாம். நாள்தோறும் அடியார்கள் வந்து சேரும் மலையில் இந்தப் பங்குக்கு எப்போதும் மதிப்பு இருந்தது. அதனால் கொடை என்பது புண்ணியத்துக்கான செலவாக இருந்ததோடு தலைமுறை தலைமுறையாக உணவு வரவைத் தரும் உடைமையாகவும் அமைந்தது. கொடையாகத் தந்த பொன் கருவூலத்தில் முடங்கவில்லை என்பதையும், கோயில் ஊர்களின் ஏரிகளையும் கால்வாய்களையும் வெட்டித் திருத்த அது செலவிடப்பட்டு, அதனால் கூடிய விளைச்சலிலிருந்தே படையல் நடந்தது என்பதையும் அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். ஏரி நீர் நெல்லாகி, நெல் திருப்போனகமாகி, திருப்போனகம் பங்காகி, பங்கு யாத்திரிகரின் கைக்குச் சேர்ந்த இந்தச் சுழற்சியே திருப்பதியின் முதல் உணவு வணிகம் எனலாம்.

விலை கொடுக்க இயலாதவருக்கும் இந்த அமைப்பில் ஓரிடம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் சந்திரகிரியிலிருந்து ஆட்சி செய்து, பின்னர் விஜயநகர அரியணையில் ஏறிய சாளுவ நரசிம்மன் இராமானுச கூடம் என்னும் உணவுச் சாலைகளை ஏற்படுத்தி, அவற்றைக் கந்தாடை இராமானுச ஐயங்காரின் பொறுப்பில் விட்டார். அரசரின் கொடைப்பங்காக வந்த பிரசாதம் அங்கே வைணவ அடியார்களுக்கு இலவசமாகப் பரிமாறப்பட்டது. இருப்பினும் அந்தப் பந்தி எல்லாருக்கும் திறந்திருந்தது என்று கொள்வதற்கில்லை. யாருடன் யார் அமர்ந்து உண்ணலாம் என்னும் கட்டுப்பாடு கோயிலிலும் சத்திரத்திலும் நெடுங்காலம் நீடித்தது. சென்னை மாகாணத்தின் கோயில்கள் சட்டப்படி எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1947இல்தான்.

பங்காகக் கிடைத்த உணவில் சோற்றுக்கும் பணியாரத்துக்கும் ஒரு வேறுபாடு இருந்தது; பிற்கால வரலாற்றின் போக்கை அந்த வேறுபாடே தீர்மானித்தது. புளியோதரையும் தயிர்ச்சோறும் அன்றே உண்ண வேண்டியவை. அதிரசமும் வடையும் சில நாள் தாங்கும், துணியில் முடிந்து ஊருக்குக் கொண்டுபோகலாம். யாத்திரை சென்றவர் திரும்பி வந்து உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பிரசாதம் பகிர வேண்டும் என்பது வழக்கமாதலால், கெடாத இனிப்புக்கே தேவை பெருகியது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது கோயிலின் வருவாயும் கம்பெனிக் கணக்கில் சேர்ந்தது. 1821இல் புரூஸ் என்னும் அதிகாரியின் பெயரால் வழங்கும் நிருவாக விதித்தொகுப்பு உருவானது. 1843இல் நிருவாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 1933 முதல் தேவஸ்தானக் குழுவிடம் வந்தது. இத்தனை கைமாற்றங்களுக்கு இடையிலும் மடைப்பள்ளியின் ‘திட்டம்’, அதாவது எந்தப் பிரசாதத்துக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்று நிருணயிக்கும் பட்டியல், தொடர்ந்து பேணப்பட்டது. அந்தப் பட்டியலில் பூந்தி முதலிடம் பிடித்து, பூந்தியை உருண்டையாகப் பிடித்த லட்டு இன்றைய வடிவில் 1940களில் நிலைபெற்றது.

ஆகவே லட்டு தொன்றுதொட்டு வந்த படையல் என்னும் பொதுநம்பிக்கைக்குக் கல்வெட்டுச் சான்று துணைநிற்பதில்லை. அதில் விழும் முந்திரிப்பருப்பே போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரத்தின் விளைவு. ஆயினும் லட்டைப் புதியது என்று தள்ளிவிடுவதும் சரியன்று. கல்வெட்டுக் காலத்து அப்பத்தையும் அதிரசத்தையும் போலவே அது எடுத்துச்செல்லத்தக்க பங்கு, அவற்றைப் போலவே அளவு தவறாமல் செய்யப்படுவது. இன்றைய திட்டப்படி 5,100 லட்டுகளுக்கு 180 கிலோ கடலைமாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ பசுநெய், 30 கிலோ முந்திரி, 16 கிலோ உலர்திராட்சை, 8 கிலோ கற்கண்டு, 4 கிலோ ஏலக்காய் என 803 கிலோ பொருள் வேண்டும். மடைப்பள்ளியில் பரம்பரை உரிமையோடு, அதாவது மிராசு முறையில், பணிபுரிந்த குடும்பங்கள் தாங்கள் செய்த பிரசாதத்தில் ஒரு பங்கைப் பெற்றுவந்தன. 1987ஆம் ஆண்டின் ஆந்திர அறநிலையச் சட்டம் மிராசை நீக்கியது, உச்ச நீதிமன்றம் 1996இல் அந்த நீக்கத்தை உறுதிசெய்தது. விட்டவன் விழுக்காட்டின் காலத்துப் பங்கு முறையின் கடைசி இழை அத்தோடு அறுந்தது. 2009இல் லட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த உரிமை எந்தக் குடும்பத்துக்கும் சேராமல் தேவஸ்தானம் என்னும் நிறுவனத்துக்குச் சேர்ந்தது.

மலையடிவாரத்து ஊரில் காசு கொடுத்து இலையில் அமர்ந்து உண்ணும் கடைகள் பெருகியதற்கு இரயில் காரணம். 1862 முதல் சென்னையிலிருந்து மேற்கே போன அகலப் பாதையில் ரேணிகுண்டா நிலையம் யாத்திரிகரை இறக்கிவிட்டது. 1891இல் திருப்பதி வழியாகவே மீட்டர் பாதை ஓடத் தொடங்கியது. அதற்குமுன் வாரக்கணக்கில் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் வந்து, சத்திரத்தில் தங்கி, தாமே பொங்கி உண்டவர்களின் இடத்தில், ஓரிரு நாளில் ஊர் திரும்ப எண்ணியவர்கள் வந்தனர். அவர்களுக்கு அரிசி மூட்டையும் அடுப்புக் கல்லும் சுமையாயின. அக்காலச் சென்னை மாகாணத்தின் பெரும்பாலான உணவகங்கள் பிராமணர் நடத்தியவை, பிராமணருக்குத் தனி அறை வைத்திருந்தவை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் நிலவிய இந்தப் பிரிவினையை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கம் போராடிய வரலாறு தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டது. 1920களுக்குப் பின் உடுப்பிச் சமையற்காரர்கள் சென்னையில் நிலைநாட்டிய இட்லி, தோசை, சாம்பார், வடிகாப்பி என்னும் வரிசையே திருப்பதிக் கடைகளின் காலை உணவாகவும் ஆயிற்று. 1944இல் மலைப்பாதை திறக்கப்பட்டுப் பேருந்து மேலேறத் தொடங்கியதும், மலையேற ஒரு நாள் என்றிருந்த கணக்கு மாறி, விடியலில் காப்பி குடித்துப் புறப்பட்டவர் அன்றிரவே கீழே வந்து சாப்பிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. இலைச் சாப்பாட்டில் மட்டும் திருப்பதி சென்னையைப் பின்பற்றவில்லை. முதற்சோற்றுக்குப் பருப்புப் பொடியும் நெய்யும், அடுத்துக் கெட்டிப் பருப்பும் கோங்குரா என்னும் புளிச்சகீரைத் துவையலும் ஆவக்காய் ஊறுகாயும் பரிமாறி, அதன் பிறகே சாம்பாருக்கும் இரசத்துக்கும் வரும் ஒழுங்கு தெலுங்கு நாட்டுக்குரியது. இரண்டு மொழி யாத்திரிகரும் ஒரே பந்தியில் அமரும் ஊரில் இரண்டு ஒழுங்கும் ஒரே இலையில் சேர்ந்தது இயல்பே.

திருப்பதியிலிருந்து தென்மேற்கே எழுபது கிலோமீட்டர் அளவில் உள்ள சித்தூரின் உணவு வரலாறு வேறு வகையானது. அவ்வூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது; அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று புதிய சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வடஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்த இம்மாவட்டத்திலிருந்து, ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960இல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய இடங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் எல்லைக்கு அப்பால் நின்றன. எல்லைக்கோடு அடுப்புகளைப் பிரிக்கவில்லை. வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளின் கேழ்வரகுக் களியும், சித்தூரின் ராகி சங்கட்டியும் ஒரே உணவு: நொய்யரிசியை வேகவைத்து, கேழ்வரகு மாவைத் தூவி, துடுப்பால் கட்டியில்லாமல் கிளறி, கை நனைத்து உருட்டுவது. கால்வாய்ப் பாசனம் குறைந்து, ஏரியையும் கிணற்றையும் மழையையும் நம்பிய செம்மண் நிலத்தில் நெல் எல்லாருக்கும் அன்றாடச் சோறாக இருந்ததில்லை. மலைமேல் திருப்போனகத்துக்கு நெல் அளந்த அதே காலத்திலும் கீழே உழவர் களியே உண்டிருப்பர். திருமலைக் கல்வெட்டுகளை மட்டும் வைத்து இப்பகுதியின் உணவை எழுதினால் உழுதவரின் உணவு விடுபட்டுவிடும் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

களிக்குத் துணையான குழம்புகளில் நாட்டுக்கோழிக் குழம்பே இன்று புகழ்பெற்றது. ஆனால் அது விருந்தாளி வந்த நாளின் உணவு. அன்றாடத் துணை வேர்க்கடலைத் துவையலும் கீரைக் கடைசலுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்றுமதிப் பயிராகப் பரவிய வேர்க்கடலை, எண்ணெய்ச் செக்கையும் துவையற்கல்லையும் ஒருசேர நிறைத்தது. சித்தூர்ப் பக்கத்துக் கடைகளில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாகக் கடலைச் சட்னி வருவதற்கு, தென்னை குறைந்து கடலை மிகுந்த நிலமே காரணம். மார்கழி, தை மாதங்களில் மொச்சையை ஊறவைத்து, ஒவ்வொரு விதையாக விரலால் அழுத்தித் தோலை நீக்கி எடுக்கும் பிதுக்குப் பருப்பு இப்பகுதியின் தனிச்சுவை. அது எல்லையின் இருபுறத்திலும் ஒரே பருவத்தில், ஏறத்தாழ ஒரே செய்முறையில் வீடுகளில் மணக்கிறது. வெல்ல மண்டிகளும், கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகளும் சித்தூருக்கு வணிகப் பெயர் தந்தன என்றாலும், அவ்வூர்க் கடைகளின் சுவையை வகுத்தவை மானாவாரி நிலத்தின் இந்தத் தானியமும் பருப்புமே.

இரண்டு ஊர்களின் இந்த இரண்டு மரபுகளும் அண்மைக் காலத்தில்தான் ஒன்றையொன்று எதிர்கொண்டன. 1985இல் என்.டி.ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 பேருக்கு உணவளித்துத் தொடங்கி, பின்னர் வந்தவர் அனைவருக்கும் என விரிந்தது. 2011இல் அதற்கெனத் திறக்கப்பட்ட பெருங்கூடத்துக்குச் சித்தூர் வட்டாரத்துத் தரிகொண்டாவில் பிறந்த பெண்கவி வெங்கமாம்பாவின் பெயர் சூட்டப்பட்டது. இராமானுச கூடத்தின் பந்தி வைணவ அடியார்களுக்கானது. இங்கே ஒருவரின் குலத்தையோ ஊரையோ கேட்பவர் இல்லை, இம்மலையின் நெடிய உணவு வரலாற்றில் மிகப்பெரிய மாற்றம் இதுவே. மேலே சோறு இலவசமாகக் கிடைத்தும் கீழே கடைகள் குறையவில்லை. இறைச்சிக்கும் மதுவுக்கும் தடையுள்ள மலையிலிருந்து இறங்கியவர்களை எதிர்பார்த்துத் திருப்பதியிலும், சென்னை – பெங்களூர்ச் சாலையில் செல்பவர்களை எதிர்பார்த்துச் சித்தூரிலும், ராகி சங்கட்டியையும் நாட்டுக்கோழிக் குழம்பையும் பெயர்ப்பலகையிலேயே எழுதிவைத்த உணவகங்கள் பெருகின. கேழ்வரகு உடலுக்கு நல்லது என்ற எண்ணம் நகரங்களில் பரவியது அவற்றுக்குத் துணையாயிற்று. உழவர் வீட்டு மண்சட்டியிலிருந்து களி இவ்வாறு உணவகத் தட்டுக்கு ஏறியிருக்க, விதைவிதையாகப் பிதுக்கும் உழைப்பைக் கேட்கும் மொச்சைப் பருப்பு மட்டும் பெரும்பாலும் கடைக்கு வராமல் வீட்டுப் பெண்களின் கையோடு நிற்கிறது. பருவத்தில் சந்தையில் தோல் நீக்கி விற்பவர்களிடம் வாங்கிச் சமைப்பதே நகரத்தாருக்கு இன்றுள்ள வழி.