தடகளக் கூட்டுப் புள்ளிமுறை

வெவ்வேறு அளவைகளில் அளக்கப்படும் திறன்களை ஒரே எண்ணாக்கி வீரரையோ அணியையோ வரிசைப்படுத்தும் முறை. நொடியையும் மீட்டரையும் அப்படியே கூட்ட முடியாது. முதலில் இரண்டையும் புள்ளியாக்க வேண்டும். எதற்கு எத்தனை புள்ளி என்பதே இதன் தீராத வழக்கு. பல அளவுகோல்களை வைத்து முடிவெடுக்கும் கணித முறைகள் சாட்டி (1970கள்), ஹ்வாங், யூன் (1981) ஆகியோரால் உருப்பெற்றன. தடகளம் அதே சிக்கலை 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் பத்து போட்டிகள் கொண்ட டெகாத்லானிலேயே சந்தித்துவிட்டது.

அட்டவணைகள் பலமுறை திருத்தப்பட்டன. கொடுமையான திருத்தம் தைவானின் யாங் சுவான்-குவாங்குக்கு நேர்ந்தது. 1963இல் 9121 புள்ளிகளுடன் ஒன்பதாயிரத்தைத் தாண்டிய முதல் வீரர் அவர். கோலூன்றித் தாண்டுதலில் அவர் தொட்ட உயரத்துக்குப் பழைய அட்டவணையில் இடமே இருக்கவில்லை. அடுத்து வந்த அட்டவணை அதே சாதனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குறைத்தது. 1964 டோக்கியோவில் அவருக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது.

இன்றுள்ள சூத்திரம் ஆஸ்திரிய கணிதவியலாளர் கார்ல் உல்பிரிக் வகுத்தது. 1985 முதல் நடப்பில் உள்ளது. உயரம் தாண்டுதலில் 1.90 மீட்டருக்கு 714 புள்ளி, 2.00க்கு 803, 2.10க்கு 896, 2.20க்கு 992. உயர உயர, அதே பத்து சென்டிமீட்டருக்குக் கூடுதல் புள்ளி. மேலே ஏறுவது கடினம் என்பதைக் கணக்கிலேயே மதித்த இந்த வளைவுதான் அதன் பெரும் சிறப்பு. இந்தச் சூத்திரப்படியே, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஸ்வப்னா பர்மன் ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் 6026 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். உயரம் தாண்டும் வீரராகப் பெயர் பெற்ற தேஜஸ்வின் சங்கர், 2023 ஹாங்சோவில் 7666 புள்ளிகளுடன் டெகாத்லான் வெள்ளியைப் பெற்றார். அப்போது அது தேசியச் சாதனை.

அணிகளுக்கான கணக்கு வேறு. 2024 நவம்பரில் கேரளப் பள்ளி விளையாட்டு விழா கொச்சியில் ஒலிம்பிக் பாணியில் நடந்தது. தடகளம் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் நடைபெற்றது. பள்ளித் தடகளத்தில் முதல் மூன்று இடங்களுக்கு 5, 3, 1 என்பது வழக்கம். எளிய கணக்குதான், ஆனால் சாதனை நேரத்தில் ஓடியவருக்கும் மெதுவான பந்தயத்தில் வென்றவருக்கும் அதே ஐந்து புள்ளிதான். தடகளப் பட்டத்தை மலப்புறம் மாவட்டம் வென்றது. நிறைவு விழாவிலோ, சிறந்த பள்ளிகளுக்கான பட்டியலில் அரசு விளையாட்டுப் பள்ளியையும் பொதுப் பள்ளிகளையும் ஒரே வரிசையில் வைக்கலாமா என்ற தகராறு மைதானத்திலேயே வெடித்தது. தவறு கூட்டலில் இல்லை. யாரை யாரோடு ஒப்பிடுவது என்ற விதியில் இருந்தது. அந்த விதியை முதல் பந்தயத்துக்கு முன்பே எழுதி, எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட வேண்டும்.