ஒன்று ஓர் எண்ணா?

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதில் ஆராய என்ன இருக்கிறது என்போருக்கு நான் பஸராவையே காட்டுவேன். 10ஆம் நூற்றாண்டில் அங்கு இயங்கிய இஹ்வானுஸ் ஸபா குழுவினர், தமது ரிஸாலாக்களில் முதலாவதை எண்களுக்கே ஒதுக்கினர். ஒன்று எண்ணல்ல, எண்களின் மூலம் என்பது அவர்கள் கொள்கை. ஒன்றிலிருந்து எண்கள் பிறப்பது போலவே ஏகனிடமிருந்து படைப்புகள் தோன்றின என்றார்கள். (உலமாக்களில் பலர் இவர்களை ஐயத்துடனேயே நோக்கினர், அது வேறு கதை.) இதை வெறும் ஞானப் பேச்சென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று என்றால் என்ன என்று 1884இல் ஜெர்மனியின் ஃபிரேகேயும் கேட்கவேண்டியிருந்தது. அவர் தர்க்கத்தில் விடை தேடினார். அவ்வழியே சென்ற வைட்ஹெட்டும் ரஸலும் 1910இல் 1+1=2 என்பதற்கு அடித்தளமிடவே 360க்கும் மேற்பட்ட பக்கங்களைக் கடந்தனர். நிரூபணம் நிறைவுற்றது 1912இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான்.