தட்டலும் ஈயமும்: ஒக்டேன் எண்ணின் வரலாறு

பெற்றோல் நிரப்பு நிலையங்களிற் காணப்படும் 92, 95 என்னும் இலக்கங்களுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. இயந்திரத்தின் ஓசையொன்றை அடக்க எழுந்த முயற்சி, மனிதரின் குருதியில் ஈயத்தைக் கலந்த வரலாறு அது.

உருளையினுள் அமுக்கப்பட்ட பெற்றோல், வளிக் கலவையைத் தீப்பொறி எரியூட்டுகின்றது. சுவாலை வந்தடையுமுன்னரே எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானே தீப்பற்றுமாயின் தட்டல் எழும்; நாளடைவில் ஆடுதண்டும் பழுதடையும். அமுக்க விகிதத்தைக் கூட்டினால் வினைத்திறன் கூடும். தட்டலும் உடன் கூடும். முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிற் பொறியியலாளர் எதிர்நோக்கிய பெரும் பிரச்சினை இதுவே.

1921 டிசெம்பரில், அமெரிக்காவின் டேற்றன் நகரில், ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வாளரான தோமஸ் மிட்ஜ்லி, நாலெதைல் ஈயம் தட்டலை அடக்குவதைக் கண்டார். எதனோலும் இதற்கு உதவும் என்பதை அவர் அறியாதவரல்லர். ஆயின், எதனோலை எவரும் வடிக்கலாம். ஈயச் சேர்வையோ சிறிதளவே போதுமானது, ஆக்கவுரிமையாற் காக்கத்தக்கது. 1923 இல் விற்பனை தொடங்கிற்று. ‘எதைல்’ என்ற விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல் இடம்பெறாமை நோக்கற்பாலது.

1924 ஒக்டோபரில், நியூ ஜேர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இச்சேர்வையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். 1925 மே மாதம் வாஷிங்டனிற் கூடிய மாநாட்டில் அலிஸ் ஹமில்ரன், யண்டெல் ஹென்டர்சன் போன்ற அறிஞர் எச்சரித்தனர். எனினும், தடைவிதிக்கப் போதிய ஆதாரமில்லையென 1926 இல் நிபுணர் குழு முடிவு செய்தது. அத்தசாப்தத்திலேயே கிரகம் எட்கார் ஐசோஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 எனக் கொண்டு, தட்டலைத் தாங்கும் தன்மைக்கு அளவுகோல் வகுத்தார். இயந்திரத்தின் துன்பத்தை அளக்க எண் பிறந்தது; மனிதரின் துன்பத்தை அளப்போர் அருகினர்.

1965 இல் புவியிரசாயன அறிஞர் கிளேர் பற்றர்சன், மக்களின் உடலில் உள்ள ஈயம் இயற்கையளவிலும் பன்மடங்கு மிகுந்ததென எடுத்துக்காட்டினார். வாகனப் புகையைத் தூய்மையாக்கும் ஊக்கிமாற்றிகளை ஈயம் செயலிழக்கச் செய்தமையும் அதன் வீழ்ச்சிக்கு வழிவகுத்தது. வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோலின் விற்பனையை அமெரிக்கா 1996 இல் தடை செய்தது. இலங்கை 2002 இற் கைவிட்டது. இறுதியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது.

இயந்திரத்துக்கு வேண்டியதற்கு மேற்பட்ட ஒக்டேன் பெரும் பயன் தருவதில்லை. வேண்டியதிற் குறைந்தால் தட்டல் எழும். இத்தெரிவு எளிது. புதியதொரு பொருள் தீங்கற்றதென நிறுவும் பொறுப்பு ஆக்குவோருடையதா, தீங்குடையதென நிறுவும் பொறுப்பு மக்களுடையதா என்பதே 1925 இல் எழுந்த வினா. அதற்குக் கண்ட பிழையான விடையைத் திருத்த உலகுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.