பள்ளிப் பதிவேடும் பாட்டன் பெயரும்

நம் இளைஞர் ஒருவரிடம், "உன் பாட்டனார் பெயர் யாது?" என்று வினவினால் உடனே விடை வரும். பாட்டனாரின் தந்தை பெயரை வினவினால் சற்றே சிந்திப்பார். அவருக்கும் முந்தியவரைக் கேட்டால் பெரும்பாலோர் விடையின்றி நிற்பர். இஃது அவர்தம் நினைவின் குறையன்று. நிலமுடையோர் வீட்டில் பட்டாவும் பத்திரமும் இருந்தன. மானியம் பெற்றோருக்குச் செப்பேடும் கல்வெட்டும் இருந்தன. கணக்கெழுதும் உரிமை பெற்றோர் வீட்டிலோ ஓலைக் கட்டே இருந்தது. பிறர் நிலத்தில் உழைத்துப் பிறர் களத்தில் நெல் குவித்த நம் முன்னோருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அவர்களுள் பலருடைய பெயரைத் தந்தை பெயரோடும் ஊரோடும் சேர்த்து முதன்முதலில் எழுதி வைத்த ஏடு பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடே ஆகும்.

இந்நாளில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து இளைஞர் பலர் தம் வீட்டுப் பழைய குழுப்படங்களையும் சான்றிதழ்களையும் கைப்பேசியால் படமெடுத்து இணையத்தில் பகிர்ந்துகொள்கின்றனர். இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. முறையறிந்து செய்தால், எழுதப்படாத ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதும் பணியாகவே இது மலரும். அம்முறை யாது என்பதையும், அதன் பயன் யாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க விழைகிறது.

எண்ணப்பட்டோர், எழுதப்படாதோர்

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். நம் வட்டாரமும் அச்சீமையைச் சேர்ந்ததே. ஊரின் நிலமும், ஏரியும், எந்தக் குலத்தாருக்கு எத்தனை வீடு என்பதும் அக்கணக்கில் இடம்பெற்றன. நம் முன்னோரின் வீடுகளும் எண்ணப்பட்டன. ஆனால் அந்த வீடுகளுக்குள் வாழ்ந்தவர் யாவர் என்பதற்கு எண்ணிக்கையில் விடை இல்லை. பின்னர் வந்த குடிமதிப்புக் கணக்குகளும் நம் தொகையைச் சொல்லினவேயன்றிப் பெயரைச் சொல்லவில்லை.

இந்நிலை மாறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அப்போது செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து 1891ஆம் ஆண்டு அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்றி, கடனுக்கும் பண்ணையடிமைக்கும் ஆட்பட்டிருந்த மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் தொண்டு புரிந்த வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு ஆகியோரும் இதே கோரிக்கையை எழுப்பினர். இதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழி வழங்கப்பட்ட நிலங்களையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம்.

நம்மவரும் வாளாவிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அக்காலத்திலேயே கல்வியுரிமைக்குக் குரல் கொடுத்தனர். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகளும், பின்னர்த் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளும் பெருகின. சேரியிலிருந்து கையில் பலகையுடன் சென்ற சிறுவனின் பெயரை ஆசிரியர் மை தொட்டு எழுதிய நாளில், எண்ணாக இருந்த ஒரு குடும்பம் பெயராக மாறியது.

பதிவேட்டைப் படிக்கும் முறை

சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி சிறியது. ஆயினும் அதன் பொருள் பெரிது. மாணவர் பெயர், தந்தை அல்லது காப்பாளர் பெயர், அவர் தொழில், சாதி, மதம், பிறந்த நாள், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று அது விரியும். நடவு, அறுவடைக் காலங்களில் விலகிய பிள்ளைகளின் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால், நம் கல்வியை எது தடுத்தது என்பது தானே விளங்கும். தந்தையின் தொழில் கூலி என்றிருந்து, அடுத்த தலைமுறையில் ஆலைத் தொழிலாளி என்று மாறியிருந்தால், ஆவடித் தொழிற்சாலைகளும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் நம் வாழ்வில் விளைத்த மாற்றத்தை அந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.

எனினும் பதிவேட்டில் உள்ளதை எல்லாம் அப்படியே நம்பிவிடலாகாது. வலக்கை தலைக்கு மேலே சென்று இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று கொண்ட காலம் அது. பிறந்த நாளை அறியாத பெற்றோருக்காகத் தலைமையாசிரியரே ஒரு நாளை மதிப்பிட்டு எழுதியதும் உண்டு. ஆகவே பிறந்த நாளைக் காட்டிலும் சேர்ந்த நாளே உறுதியான சான்றாகும்.

சாதிப் பெயரும் ஒரு காலக்குறிப்பே. 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. ஒரே குடும்பத்தில் தந்தையின் சான்றிதழில் ஒரு பெயரும் மகனின் சான்றிதழில் மற்றொரு பெயரும் இருப்பின் ஐயுற வேண்டுவதில்லை. அண்ணன் கிறித்தவப் பெயரோடும் தம்பி பழைய பெயரோடும் காணப்படின், மிஷன் திருச்சபையின் திருமுழுக்குப் பதிவேட்டைத் தேடுதல் வேண்டும்.

பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் நம் வழக்கம். ஆதலால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்ப வருவதைக் கொண்டு, அறுந்த கொடிவழியை இணைக்க முடியும். இருவேறு மனிதரை ஒருவராகக் கருதிவிடும் இடரும் இதில் உண்டு என்பதை மறத்தலாகாது.

ஊர்ப்பெயரையும் கவனித்தல் வேண்டும். முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டம் என்று எழுதப்பட்ட ஊர்களுள் பல, 1997இல் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பழைய ஆவணத்தைத் தேடுவோர் அக்காலத்து மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவற்றின் பெயர்களையே கொண்டு தேடுதல் வேண்டும்.

கடல் கடந்த கிளைகள்

நம் குடும்ப மரங்களில் சில கிளைகள் திடீரென முறிந்திருக்கும். "அவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை" என்று மூதாட்டியர் சொல்வர். 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஏறத்தாழ 1,52,000 இந்தியர் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். மொரீசியசுக்கும் பிஜிக்கும் சென்றோர் வேறு.

வியப்பு யாதெனில், சொந்த ஊரில் எவரும் எழுதி வைக்காத பெயர், கப்பற் பட்டியலில் எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளத் தழும்பு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. உழைப்பை அளந்து வாங்குவதற்காக எழுதப்பட்ட அப்பட்டியல், இன்று உறவைத் தேடுவோருக்கு வழிகாட்டியாகிறது. பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் நாடுகளிலுள்ள இத்தகைய ஆவணங்களை 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறியோரின் பதிவுகளையும் நிழற்படங்களையும் காத்து வருகிறது. அங்குள்ளோர் தம் பூட்டனாரின் ஊரைத் தேடுகின்றனர். இங்கு நாம் நம் ஊர்க் குடும்பங்களின் கொடிவழியை எழுதி வெளியிட்டால், முறிந்த இரு முனைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளக் கூடும்.

காத்தவையும் இழந்தவையும்

1893இல் இரட்டைமலை சீனிவாசனார் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவெனப் பிறர் எறிந்த சொல்லையே கொடியாக உயர்த்திய அவ்விதழின் படிகள் இன்று காண்பதற்கரியவாயின. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கோ வேறு விதி வாய்த்தது. அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர் அவ்விதழ்களைத் தேடித் திரட்டிப் பாதுகாத்தனர். அதனாலன்றோ ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் சிந்தனைகளைத் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட இயன்றது! ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டு மறைந்திருந்த ஒரு பேரறிஞரைத் தமிழகம் மீண்டும் கண்டது, சிலர் பழைய தாள்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் நாம் பாடம் கற்கலாம். 1981இல் அந்நகரப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்துயரைக் கண்ட ஈழத் தமிழர் 2005இல் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தை அமைத்தனர். அரிய நூல்களோடு பள்ளிக்கூட ஆண்டு மலர்களும் விழா மலர்களும் அதில் ஏற்றப்பட்டுள்ளன. எளிய பள்ளி மலரும் ஓர் இனத்தின் வரலாற்றுச் சான்றே என்று அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

நம் பள்ளிகளின் ஏடுகளுக்கும் காலம் கனிவு காட்டாது. 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலத்துறை முதலிய துறைகளின் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரப்படும் என்று அரசு அறிவித்தது. நிர்வாகம் கைமாறும்போதும் கட்டடம் இடிக்கப்படும்போதும் முதலில் குப்பைக்குச் செல்வன பழைய பதிவேடுகளே. முன்னாள் மாணவர் தலைமையாசிரியரை அணுகி, அனுமதி பெற்று, அவற்றைப் படியெடுத்து வைத்தல் உடனடிக் கடமையாகும்.

பகிர்வோர் கொள்ள வேண்டிய நெறி

படமெடுப்போர் தாளின் இரு புறத்தையும் எடுத்தல் வேண்டும். குழுப்படத்தின் பின்புறத்தில்தான் பெயர்கள் இருக்கும். அப்படத்தை ஊர்ப் பெரியவர் நால்வரிடம் காட்டி, வரிசைவாரியாகப் பெயர் எழுதிக்கொள்ளல் வேண்டும். யார் வீட்டில் கிடைத்தது, எந்த ஆண்டினது, யார் அடையாளம் சொன்னார் என்ற குறிப்பு இல்லாத படம் பெயரற்ற முகமாகவே நின்றுவிடும்.

கொடிவழி எழுதும்போது ஆண்மக்களை மட்டும் எழுதி நிறுத்திவிடுவது நம்மிடையே காணப்படும் பெருங்குறை. தாயின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் எழுதினால்தான் திருமழிசைக்கும் திருமுல்லைவாயிலுக்கும், கொரட்டூருக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் இடையே உறவுப் பின்னல் எவ்வாறு ஓடுகிறது என்பது விளங்கும். இதனைப் பாட்டியரே நன்கு அறிவர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

சாதிக் கலத்தை மறைப்பதா, வெளியிடுவதா என்பது பலரும் எழுப்பும் வினா. மறைந்த முன்னோரின் பதிவில் இழிசொல் இருப்பினும் அதனை அழித்துப் படியெடுத்தல் தவறு. அஃது அவர்கள் பட்ட பாட்டையே அழிப்பதாகும். வாழ்வோர் செய்தி வேறு. அவர்களுடைய சாதி, பிறந்த நாள், முகவரி, மதிப்பெண் ஆகியவற்றை அவர்தம் இசைவின்றி ஊரறிய வைக்க எவருக்கும் உரிமையில்லை. பள்ளிகளில் சாதி வேறுபாட்டைக் களைவது குறித்து 2024இல் அறிக்கை அளித்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பே கூடாது எனப் பரிந்துரைத்ததை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சமூக ஊடகத்தில் ஏற்றிவிட்டால் என்றும் நிலைக்கும் என்பதும் மயக்கமே. ஒரு காலத்தில் நம் இளைஞர் பெரிதும் கூடிய ஆர்குட் தளம் 2014இல் மூடப்பட்டது. ஆகவே ஒரு படி இணையத்தில் இருக்கட்டும். ஒரு படி நூலகம் ஒன்றில் இருக்கட்டும். தாளில் அச்சிட்ட ஒரு படி நம் சங்கத்து அலமாரியில் இருக்கட்டும்.

உரிமைக்கும் இதுவே சான்று

இவையெல்லாம் வெறும் பெருமைக்காக அன்று. பஞ்சமி நிலத்தை மீட்க முற்படுவோர், நிலம் பெற்றவரின் வழித்தோன்றல் தாம் என்பதைக் காட்ட வேண்டியவர் ஆகின்றனர். 1994இல் செங்கற்பட்டு மாவட்டத்தின் காரணை நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். நிலம் கேட்டு உயிர் கொடுத்த மண் இது. அம்மண்ணில் பிறந்தோர் பாட்டன் பெயரைச் சான்றோடு அறிந்திராவிடின், உரிமையை எதைக் கொண்டு நிலைநாட்டுவது?

இருபத்தைந்து ஆண்டு கல்விப் பணியாற்றிய நம் சங்கம் இவ்வெள்ளி விழா மலரை வெளியிடுகிறது. அன்பார்ந்த இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை இறக்குங்கள். மாற்றுச் சான்றிதழோ, பழைய பள்ளியிறுதி வகுப்புப் புத்தகமோ, மங்கிய குழுப்படமோ எதுவாயினும் படியெடுத்துச் சங்கத்திற்குத் தாருங்கள். மூலத்தை வீட்டிலேயே காத்து வையுங்கள். பொன்விழா மலரை எழுத வருவோர் கையில், நம் வட்டாரத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் பெயரோடும் ஊரோடும் எழுதப்பட்ட ஏடு இருத்தல் வேண்டும்.