பாரும் கொட்டும்: வேலையின் நிலை புலப்படுதல் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பலர் கூடிச் செய்யும் ஒரு வேலை எந்நிலையில் உள்ளதென்பதை அவ்வேலையோடு தொடர்புடைய யாவரும் எவ்வாறு அறிந்துகொள்வது? மென்பொருளாக்கத் துறையில் இவ்வினா இன்று பெருங்கவனத்தைப் பெற்றுள்ளது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் கூடிய 17 மென்பொருளாளர் வெளியிட்ட 'அஜைல்' அறிக்கை, இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல் என வகுத்துரைத்தது. வேலைகளை அட்டைகளில் எழுதி, யாவருங் காணும் பலகையில் வைக்கும் வழக்கம், ஜப்பானின் டொயோட்டாத் தொழிற்சாலைகளில் உருவான 'கன்பான்' அட்டை முறையிலிருந்து வளர்ந்ததாகும். ஆயினும் இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. புத்தளக் கரையோரத்து முத்துக்குளிப்பின் வரலாற்றில் இது நெடுங்காலம் உயிர்ப்போடு இருந்தமையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரைமலை, கரைத்தீவு, கற்பிட்டி, சிலாபம் எனத் தொடரும் கரைக்கு அப்பாலும், அதற்கு வடக்கே மன்னார்க் கடலிலும் முத்துச் சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுக்கள் பல உள. இவை 'பார்' எனப்பட்டன. சிலாபம் என்னும் ஊர்ப்பெயரே முத்துக்குளிப்பைச் சுட்டும் 'சலாபம்' என்ற சொல்லின் திரிபு எனக் கூறுவாருமுளர். பிளினி குறிப்பிடும் 'ஹிப்புறோஸ்' துறைமுகத்தைக் குதிரைமலையோடு ஆய்வாளர் பலர் இணைத்துக் காண்பர். குளிப்புக் காலத்திலெழும் கொட்டகை நகர் பெரும்பாலும் மறிச்சுக்கட்டியிலோ சிலாவத்துறையிலோ அமைந்தது. இவ்விடங்கள் இன்று மன்னார் மாவட்டத்துள் அடங்குவனவாயினும், அக்காலத் தொழிலைப் பொறுத்தவரை இக்கடல் முழுவதும் ஒரே களமாகவே விளங்கிற்று.

இத்தொழிலின் அடிப்படையான இடர்ப்பாடு, விளைபொருள் கண்ணுக்குப் புலப்படாமையே. எனவே பிரித்தானிய ஆட்சியினர், குளிப்புக்கு முன்னர்ப் பார்களைச் சோதனையிடும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தனர். மாதிரிக்காகச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவை அழுகவிட்டுக் கழுவப்பட்டன. கிடைத்த முத்துக்களை வல்லுநர் மதிப்பிட்டனர். அதன்பின்னரே குளிப்புப் பற்றிய அறிவித்தல் வெளியாயிற்று. வணிகர், தோணிக்காரர், குளியாட்கள் ஆகியோர் இந்தியாவிலிருந்தும் அரேபியக் கரைகளிலிருந்தும் புறப்பட்டு வந்தது இவ்வறிவித்தலை நம்பியே எனலாம்.

எனினும் சோதனை ஒரு கணத்தின் நிலையை மாத்திரமே காட்டவல்லது. பேராசிரியர் ஹேர்ட்மன் 1902ஆம் ஆண்டு மார்ச்சில் பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் அளவின்றிப் பரவிக் கிடக்கக் கண்டார். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலங் கழிந்து நவம்பரிற் பார்த்தபோது அவை அங்கிருக்கவில்லை. மார்ச் மாதத்துக் குறிப்பு பொய்யன்று. நவம்பரில் அது பழையதாகிவிட்டது என்பதே ஈண்டு மனங்கொளத்தக்கது.

கரையிலோ நிலைமை வேறு. நள்ளிரவின் பின் தரைக்காற்றோடு சென்ற தோணிகள், நண்பகலில் வேலை நிறுத்தப்பட்டதும் கடற்காற்றோடு திரும்பின. சிப்பிகள் யாவும் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்பினுள் கொண்டுசெல்லப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளியாட்கள் தம் சிப்பிகளை மூன்று குவியல்களாகத் தாமே பிரித்தனர். அவற்றுள் இரண்டு அரசுக்குரியன, ஒன்று அவர்க்குரியது. எக்குவியல் எவர்க்கென்பதைப் பிரித்தவர் தீர்மானிக்கவில்லை, அரச அலுவலரே தீர்மானித்தார். எனவே குவியல்களைச் சமமாகப் பிரிப்பது குளியாளின் நலனுக்கே உகந்ததாயிற்று. அன்றைய வேலையின் அளவு அன்றே, யாவர் கண்முன்னும், பொருளாகவே குவிந்து கிடந்தது. எவரும் தனியே அறிக்கை எழுத வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவே அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என ஏலத்தில் விற்கப்பட்டது. முன்னர் வாங்கிய சிப்பிகளைக் கழுவிப் பார்த்தோர் அறிந்தவை விலையிற் பிரதிபலித்தன. நாளுக்கு நாள் அது ஏறியும் இறங்கியும் வந்தது. ஆகவே விலையும் பாரின் நிலையைக் காட்டும் ஒரு குறியாயிற்று.

இவ்விருவகை அறிதலுக்கும் இடையிலான வேறுபாட்டை 1906ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் தெளிவுறுத்துகின்றன. அதற்கு முந்திய 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் 25 இலட்சம் ரூபாவை எட்டிற்று. இவ்வெற்றியின் சூழலில் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகையில் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலேயே அதனாற் குளிப்பு நடத்த முடிந்தது. பின்னர்ப் பார்கள் வெறுமையாயின. குத்தகையும் 1912இல் முடிவுற்றது. மறுபடி ஒரு குளிப்பு 1925 வரை நிகழவில்லை. நாள்தோறும் மாறும் ஒன்றின் மீது 20 ஆண்டுக்கான திட்டம் எழுப்பப்பட்டமையே இங்கு நாம் காணும் முரண்பாடு. இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்தவற்றைக் காட்டித் திட்டத்தைத் திருத்தும் இன்றைய மென்பொருள் முறை, இத்தகைய முரண்பாட்டுக்கான விடையாகவே அமைகின்றது.

ஆனால் புலப்பாடு என்பது யார்க்கு, எதனை என்ற வினாவைத் தவிர்த்தல் இயலாது. கொட்டினுள்ளே புலப்பட்டது வேலை. சிப்பி கழுவுமிடத்திலோ கூலியாட்களே பார்வைக்குள்ளாக்கப்பட்டனர்: முத்தை வாயிலோ உடையிலோ மறைத்துவிடுவர் என்னும் ஐயத்தால் அவர்தம் ஒவ்வோர் அசைவையும் காவலர் கவனித்தனர். முன்னையதிற் குளியாளுக்குப் பங்கு இருந்தது. பின்னையதிற் கழுவியவர்க்கு எப்பங்கும் இருக்கவில்லை. கோர்டினர் 1807இல் வெளிவந்த தமது நூலிற் குளிப்பை விரிவாக வருணிக்கின்றார். அக்காலத்திற் குளியாளின் பங்கு நான்கில் ஒன்றாகவே இருந்தது. அது மூன்றில் ஒன்றாக உயர்ந்தமை பிற்கால மாற்றமாகும்.

இன்றைய மென்பொருட் பலகையும் இவ்விரு முகங்களையும் உடையது. எவ்வேலை தடைப்பட்டுள்ளது, எங்கே உதவி தேவை என்பவற்றைக் குழுவினர் தமக்குள் காணப் பயன்படின் அது கொட்டினை ஒக்கும். எவர் எத்தனை அட்டைகளை நகர்த்தினார் என எண்ணி ஊதியத்தையும் பதவியையும் தீர்மானிக்கப் பயன்படின் அது கழுவுமிடத்துக் காவலை ஒக்கும். அவ்விடத்திற் பணியாளர் முடியாததை முடிந்ததெனவும் கடினமானதை எளிதெனவும் காட்டத் தலைப்படுவர். பலகையில் ஒளி மிகும், உண்மை குறையும். குவியலைச் சமமாகப் பிரிக்கச் செய்தது மேற்பார்வை மட்டுமன்று. பொய் கூறுவதால் நன்மையில்லாத வகையில் அமைந்த ஒழுங்குமாகும். வேலையின் நிலையை அறிய விரும்புவோர் பலகையின் வடிவத்தை மட்டுமன்றி, அதில் உண்மையை வைப்பவர்க்கு என்ன பங்கு உண்டென்பதையும் ஆராய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.