நீராடலும் நீச்சலும்

பெண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் நீராடற் பருவமும் ஒன்று என்பதைப் பாடசாலையிலேயே படித்தோம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அப்பருவம் இல்லை. வையையின் புதுப்புனலில் ஆண்களும் பெண்களும் கூடி ஆடியதைப் பரிபாடல் விரிவாகக் கூறுகிறது. இலக்கியம் நீரைப் பெண்ணுக்கும் உரியதாக்கியது. வாழ்க்கையிலோ எமக்குக் கிடைத்தது நீராடல் மட்டுமே, நீச்சல் அல்ல.

வன்னி குளங்களின் நாடு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என எத்தனையோ குளங்கள்; கிழக்கே முல்லைத்தீவுக் கடலும் நந்திக்கடலும். எம் சகோதரர்கள் வாய்க்காலிலும் குளத்திலும் குதித்து, எவரும் கற்பிக்காமலே நீந்தப் பழகினர். நாம் குறுக்குக்கட்டுடன் கரையில் நின்று வாளியால் அள்ளி வார்த்தோம். பெரியபிள்ளை ஆனபின் அதற்கும் தடை வந்தது.

1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையைக் கடந்து, நீந்தியே திரும்பினார். இவர்களின் புகழைக் கேட்டு வளர்ந்த பெண்பிள்ளைகள் பலரை, அதே கடலில் முழங்காலளவுக்கு மேல் இறங்க வீட்டார் விட்டதில்லை. 2004இல் வங்காளத்தைச் சேர்ந்த புலா சௌத்ரி என்ற பெண் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை ஏறத்தாழ 14 மணித்தியாலத்தில் நீந்தினார்.

அதே ஆண்டு மார்கழி 26இல் ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டின் கடலூரில் இறந்த பெண்களின் தொகை ஆண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் அறிவித்தது. இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் ஆண்பிள்ளைகளே பெரும்பாலும் பழகியிருந்தமை ஆண்கள் தப்புவதற்கு உதவியது என்றும் அது சுட்டியது. முல்லைத்தீவை அறிந்த எமக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. 2009இல் நந்திக்கடலைக் கடந்த தாய்மாருக்கும் வேண்டியதில்லை.

இன்று எம்மில் பலர் புலம்பெயர்ந்த நாடுகளில் வாழ்கிறோம். இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலையை முடிக்குமுன் பிள்ளை 25 மீற்றர் நீந்தக் கற்றிருக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். பிள்ளைகள் நீந்த, தாய்மார் துவாயுடன் வாங்கில் காத்திருக்கிறோம். "இந்த வயதிலா?" என்று எம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம்.

வைத்தியர்களாக நாம் சொல்லக்கூடியது: வயது இதற்குத் தடையில்லை. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது பெரும்பாலானோரின் உடல் மிதக்கும். பயத்தில் தலையைத் தூக்கும்போதுதான் கால்கள் தாழ்கின்றன. ஆகவே வளர்ந்தோருக்கு முதற்பாடம் கை வீசுவதல்ல, மூச்சு. நெஞ்சளவு நீரில் நின்று, முகத்தை அமிழ்த்தி, நீருக்குள் மெல்ல மூச்சை வெளிவிடப் பழக வேண்டும். பின்பு மல்லாந்து மிதத்தல், சுவரை உதைத்து வழுக்கிச் செல்லல், காலடித்தல், கைவீச்சு கடைசியில். இருதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளோர் முதலில் வைத்திய ஆலோசனை பெறுக. பயிற்சி தடாகத்தில், பயிற்றுநர் முன்னிலையில் நடக்கட்டும். குளத்தில் சேறும் தாமரைக்கொடியும் துருசின் இழுவையும் முதலையும் உண்டு. சேலையும் பாவாடையும் நனைந்தால் காலைக் கட்டும்; உடலை மூடிய நீச்சலுடைகள் இப்போது கிடைக்கின்றன.

2021இல் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவ்வாண்டே ஐ.நா. பொதுச்சபை ஆடி 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது.

நூற்றாண்டு காணும் எமது பாடசாலைக்கு நாம் கட்டடங்களும் கணினிகளும் கொடுத்து வருகிறோம். இனி ஒரு பெண் நீச்சல் பயிற்றுநரின் சம்பளத்தையும், மாணவிகள் தடாகத்துக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவையும் அப்பட்டியலில் சேர்ப்போம். எங்கிருந்தாலும் எமது பழைய மாணவிகள் இவ்வாண்டே வளர்ந்தோர் வகுப்பொன்றில் பெயரைப் பதிந்துகொள்ளட்டும். தாய் நீந்தும் வீட்டில் மகளை எவரும் கரையில் நிறுத்தமாட்டார்கள்.